டென்ஷனம்மாவின் மோட்டார் சைக்கிள்

அக்கா கல்யாணம் செய்துகொண்டபோது அவளுக்கு அறுபத்தொரு வயது. கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்காரச் சொல்லியிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கும் அதே கதி. முகம் தெரியாமலேயே இருவரும் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். கண் திறந்து பார்த்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. எட்டு மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டது தங்கை.

தங்கையைத் தையல் ஆலையில் எல்லோரும் டென்ஷனம்மா என்பார்கள். அங்கே முப்பத்தோரு வருடம் மெஷின் பழுது பார்த்தவள். யார் வந்து எந்தக் கோளாறைச் சொன்னாலும், "முதல்ல நூல் டென்ஷனைப் பாரு" என்பதுதான் அவள் வாயில் வரும். மற்றபடி அவள் எதற்கும் பதறாதவள். அக்கா சூட்கேஸோடு படியிறங்கிய அன்றும் பதறவில்லை. ஆட்டோவில் பையை ஏற்றிவிட்டு, "மருந்துச் சீட்டு எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு உள்ளே வந்து இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டு, பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஒருத்தி இருமினால் மற்றவள் தண்ணீர் கொண்டுவருவாள், கேட்க வேண்டியதில்லை. இப்போது டென்ஷனம்மா இருமினால் வீடு அந்தச் சத்தத்தைத் திருப்பித் தந்தது, அவ்வளவுதான்.

மாடிப்படிக்கு அடியில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் நின்றது. அவர் போன பிறகு இருபத்திரண்டு வருடமாக யாரும் தொடவில்லை. இஸ்திரி போட வேண்டிய துணிகளை அக்கா அதன் மேல்தான் குவித்து வைப்பாள். "அந்த எருமையை எடைக்குப் போட்டுடு, வீடு விசாலமாகும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். விசாலத்துக்கு இனி அந்த வீட்டில் என்ன குறை?

இருந்தாலும் டென்ஷனம்மா பழைய இரும்புக்காரரை வரச் சொன்னாள். அவர் ஹேண்டிலைப் பிடித்தபோது, இவள் சும்மா இருக்காமல் கிக்கரை மிதித்துப் பார்த்தாள். அது கல்லாக நின்றது. ஏன் ஓடவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் எந்த மெஷினையும் அவள் வெளியே அனுப்பியதில்லை.

"அண்ணே, ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றாள்.

ஒரு வாரம் ஐந்து மாதம் ஆயிற்று.

பிளக் ஓட்டை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் காத்திருந்தாள். பிறகு எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றினாள். துருப்பிடித்த பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே மரக்கட்டையை வைத்து, தூங்குகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி தட்டினாள். பதினோராவது நாள் அது அரை விரல் நகர்ந்தது. "அசைஞ்சிடுச்சு!" என்று கத்தினாள். கேட்க ஆளில்லை என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது.

சாப்பாட்டு மேஜை பழுது மேஜை ஆயிற்று. வால்வுகளை மாவு போன்ற பேஸ்ட் தடவித் தேய்த்தாள். கார்புரேட்டரின் நுண்துளைகளைத் தையல் ஊசியால் குத்தாமல், ஊதியே சுத்தம் செய்தாள். ஊசி பட்டால் துளை பெரிதாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். சிலிண்டரை லேத் பட்டறையில் கடைந்து, அதற்குத் தக்க பெரிய பிஸ்டன் வாங்கி வந்தாள். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். "என்ன பண்றே?" என்பாள். "சும்மாதான் இருக்கேன்" என்பாள் இவள், கையில் கிரீஸோடு.

பிஸ்டன் மேல் சிலிண்டரை இறக்கும் வேலைக்கு நாலு கை வேண்டும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளை ஒருவர் அழுத்திப் பிடிக்க, மற்றவர் மேலிருந்து இறக்க வேண்டும். டென்ஷனம்மா சிலிண்டரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு குனிந்தாள். ரிங் விரிந்து முட்டியது. இன்னொரு முறை பார்த்தாள். மூன்றாவது முறை, கண்ணை வேலையிலிருந்து எடுக்காமலே, "அக்கா, இதைக் கொஞ்சம் பிடியேன்" என்றாள்.

சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அன்று முழுக்க அவள் வண்டிப்பக்கம் போகவில்லை.

மறுநாள் காலை இரண்டு மரச்சட்டங்களை அறுத்து பிஸ்டனுக்கு முட்டுக் கொடுத்தாள். பிஸ்கட் டப்பாவிலிருந்து தகரப் பட்டை வெட்டி, ரிங்குகளைச் சுற்றி நைலான் கயிற்றால் இறுக்கினாள். சிலிண்டர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டே கையால் முடியும் என்று தெரிந்ததில் அவளுக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை.

எஞ்சின் முதன்முதலாக உறுமிய அன்று மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. அக்காவுக்கு போன் போட்டு, புகைக்குழாய்ப் பக்கம் நீட்டினாள்.

"என்னடி சத்தம்? மிக்ஸி ரிப்பேரா?"

"அப்பா வண்டிக்கா! ஓடுது!"

"என்னது? ஒண்ணும் கேக்கல. வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க, அப்புறம் பேசுறேன்."

அடுத்தது பிரேக். புது லைனிங் ஒட்டிய பிரேக் ஷூக்களை மாட்டினாள். சக்கர பேரிங்கிலும், ஷூவை விரிக்கும் கேம் என்ற இரும்புத் துண்டிலும் கிரீஸை வாரி அப்பினாள். மெஷின் என்றால் எண்ணெய் கேட்கும். அப்படித்தான் அவள் கை பழகியிருந்தது. அப்பா எப்போதோ கற்றுக்கொடுத்த பழக்கத்தில் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தபோது கோளாறு ஒன்றும் தெரியவில்லை. தெரு முனையின் இறக்கத்தில்தான், சூடேறிய கிரீஸ் லைனிங்குக்குக் கசிந்து, முன் பிரேக்கும் பின் பிரேக்கும் சேர்ந்து கைவிட்டன. யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் வண்டியை விட்டாள். வண்டிக்குக் கீறல் இல்லை. அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது.

சேதி கேட்டு அக்கா அன்று மாலையே வந்துவிட்டாள். தலை வாரிவிட்டாள், சோறு பிசைந்து கொடுத்தாள், ஓயாமல் திட்டினாள். டென்ஷனம்மா எல்லாவற்றையும் ருசித்துக் கேட்டாள். நாலாம் நாள் தலை பின்னும்போது அக்காவின் கை நின்றது.

"நான் வரணும்னுதான் இப்படிப் பண்ணினியா?"

"நீ வருவேன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே விழுந்திருப்பேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"நான் போனது தப்பாடி?"

"தப்பில்லக்கா. எனக்குத்தான் இன்னும் பழகல."

அக்கா பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டினாள். ஆறாம் நாள் அத்தான் போன் செய்து ரத்த அழுத்த மாத்திரை எந்த டப்பாவில் என்று கேட்டார். அன்றைக்கு அது மூன்றாவது போன். "நீ கிளம்பு. அவருக்குக் கண்ணும் தெரியாது, டப்பாவும் தெரியாது" என்று தங்கையே பையை எடுத்து வைத்தாள்.

கட்டுப் பிரித்ததும் சக்கரங்களோடு லேத் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"அம்மா, இது பிரேக்கா, தாளிச்ச சட்டியா? லைனிங்ல எண்ணெயே படக்கூடாதும்மா. உரசினாத்தானே நிக்கும்!"

"முப்பத்தோரு வருஷ பழக்கம், தம்பி" என்றாள்.

மறுபடி புது லைனிங். பிரேக் டிரம்மைப் பெட்ரோலால் கழுவி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்தாள். பேரிங்கின் சீல் வளையத்தை மாற்றி, கிரீஸை விரல் நுனியளவு வைத்தாள். ஒரு வாரம் தெருவில் பத்தடி ஓட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். எதிர்வீட்டுப் பெரியவர், "ஓட்டக் கத்துக்கிறீங்களா?" என்றார். "நிறுத்தக் கத்துக்கிறேன்" என்றாள்.

பிறகு ஒரு காலை அக்கா வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனாள். இரண்டு மணி நேர வழி. அக்கா வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டாங்கைத் தடவினார். சாப்பிடும்போது காரம் பட்டு அக்கா இருமினாள். அத்தான் கேட்காமலே தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். டென்ஷனம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்."

"இல்லக்கா. வெளிச்சத்துலயே போயிடுறேன்."

வழியில் எஞ்சின் ஆற ஒரு மரத்தடியில் கால் மணி நேரம் நின்றாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒருவரும் நிறுத்திப் பேசவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. வீடு வந்து சேர்ந்து போன் செய்தபோது அத்தான் எடுத்தார்.

"அக்கா கடைக்குப் போயிருக்கா. வந்ததும் பேசச் சொல்லவா?"

"வேணாம், நல்லபடியா வந்துட்டேன்னு சொல்லுங்க."

வைக்கப் போனவளை அவர் நிறுத்தினார். "வழியில எஞ்சின் ரொம்ப சூடாச்சா? ஏத்தத்துல இழுத்துச்சா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கு வண்டி எப்படி முரண்டு பிடித்தது என்று சொல்ல ஆரம்பித்தாள்.