தானிகுரா ஸ்டேசன் கடதாசிகள்

எச்சில் விஷயத்தில் தவநாயகியிடம் யாரும் வாலாட்ட முடியாது. ஒருவர் வாய்வைத்த கோப்பையை இன்னொருவர் எடுத்தால் லண்டன் எட்மண்டனில் அவளுடைய வீட்டில் அன்றைக்குச் சண்டைதான். புருஷன் யோகராஜா பெற்றோல் ஷெட்டில் வேலை முடிந்து வந்து, சிப்ஸ் தின்ற கடதாசியை மேசையில் விட்டாரோ, மனுசன் தொலைந்தார். அந்தக் குணந்தான் கடைசியில் அவளைக் கவிழ்த்தது.

எண்பத்தாறாம் ஆண்டு அவளுக்கு ஃபிஞ்ச்லியில் ஒரு ஜப்பான்காரர் வீட்டில் துப்புரவு வேலை கிடைத்தது. அந்த ஜப்பான்காரர் மொரீத்தா, ஒரு கம்பெனியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஹிசாயே, எழுபதை நெருங்கும் சின்ன உருவம், சிரித்த முகம். தவநாயகி புதன்கிழமைகளில் போவாள். இரண்டு பெண்களுக்கும் இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் பேச்சுக்கு என்ன குறை!

ஹிசாயே ஒரு ஸ்டேசன் மாஸ்டரின் மகள். தானிகுரா என்ற மலையடிவார ஸ்டேசனில், பிளாட்பாரத்தை ஒட்டிய வீட்டில் பிறந்தவள். பெரிய ஊர்களுக்குப் போகும் லைன் அல்ல. ஒற்றைத் தண்டவாளம், இரண்டே பெட்டிகள். எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட, ரயில் தானிகுராவில் வெகுநேரம் நிற்கும். பாதை காலி என்பதற்கு அடையாளமான வளையத்தை அப்பா டிரைவரிடம் கொடுத்தால்தான் நகரும்.

"எங்கடை யாழ்ப்பாண லைனிலையும் அப்பிடித்தான்!" என்று தவநாயகி துள்ளினாள். ஹிசாயே தன் லைனின் ஸ்டேசன்களை வரிசையாகச் சொல்வாள். இவள் சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டே பளை, எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம் என்று பதில் சொல்வாள். கேட்டால் பைத்தியங்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

அடுத்த வசந்தகாலத்தில் மொரீத்தா தம்பதி ஒரு வாரம் வேல்ஸுக்குப் போனார்கள். படிக்குக் கீழிருந்த அலுமாரியைத் துப்புரவாக்கச் சொல்லிச் சாவியைக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஓர் அட்டைப்பெட்டி. திறந்தால் சோற்றுப்பெட்டி சுற்றிய கடதாசிகள், கட்டுக் கட்டாக! படம் போட்டு, ஜப்பான் எழுத்து எழுதி, ஓரமெல்லாம் சோயா கறை. பழைய மீன் வாடை வேறு.

"சீ, ஆரோ திண்ட எச்சில் கடதாசி! வீட்டுக்குள்ள வைச்சிருக்கினமே!" என்று முகத்தைச் சுளித்தாள். கறுப்புப் பையில் திணித்து வாசலில் வைத்தாள். கவுன்சில் லொறி வந்து அள்ளிக்கொண்டு போனது. கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள், மகராசி.

சில வாரம் கழித்து ஜப்பானிலிருந்து செய்தி வந்தது. ஆள் ஏறாத லைன் என்று அந்தத் தானிகுரா லைனை மூடுகிறார்களாம். மொரீத்தா நேரே படிக்குக் கீழே போனார். பிறகு வீடே அதிர்ந்தது. அந்த மனுசன் சத்தம் போட்டுத் தவநாயகி கேட்டதே இல்லை. பாஷை புரியவில்லை, யாருக்கு ஏச்சு விழுகிறது என்பது மட்டும் புரிந்தது. கொஞ்ச நாளாகவே ஹிசாயேக்கு மறதி. தண்ணீர்க் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். அவள் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

பிறகு ஹிசாயே குசினிக்கு வந்து தவநாயகியிடம் அழுதாள்.

"இளவயதில் அவர் சாமான் விற்க அந்த லைனில் போவார். ஸ்டேசனில் வாங்கிய சோற்றுப்பெட்டிகளின் கடதாசியெல்லாம் சேர்த்து வைத்தார். என்னை முதன்முதலில் பார்த்ததும் தானிகுரா பிளாட்பாரத்தில்தான். அன்றைக்குச் சாப்பிட்ட கடதாசியும் அதற்குள்தான் இருந்தது. எங்கே வைத்தேனோ, ஞாபகமே இல்லை."

தவநாயகி கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்தாள், பிழிந்தாள், அதில் சொட்டுத் தண்ணீர்கூட மிச்சமில்லை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் கொட்டினாள்.

"வாயைப் பொத்திக்கொண்டு இரும்," என்றார் யோகராஜா. "சொன்னா வேலையும் போகும், கள்ளியெண்ட பேரும் வரும். அந்த மனுசிக்கு எப்பிடியும் மறதிதானே."

அந்தக் கடைசி வார்த்தை அவளைத் தின்றது. ஏனென்றால் ஹிசாயே அன்றோடு ஒடுங்கிவிட்டாள். முன்பெல்லாம் தனியாக லண்டன் நோர்தேர்ண் லைன் ரயிலில் ஏறி நினைத்த ஸ்டேசனில் இறங்கி, பெஞ்சில் இருந்து ரயில் பார்த்துவிட்டு வருவாள். இப்போது வாசலைத் தாண்டுவதில்லை. "என் தலையை நம்ப முடியாது," என்றாள். இல்லாத மறதியையும் சேர்த்துத் தூக்கி அவள் தலையில் வைத்தது யார்? தவநாயகி ஆர்ச்வே கோயில் முருகனுக்குத் தேங்காய் உடைத்தாள். உடைந்தது தேங்காய் மட்டுந்தான்.

அப்படியே ஒரு வருசம் ஓடியது. ஒரு புதன்கிழமை, இனி ஏலாது என்று ஹிசாயேயின் இரண்டு கையையும் பிடித்தாள்.

"அம்மா, கடதாசியை நீங்கள் துலைக்கேல்லை. நான்தான் குப்பையில போட்டனான். எச்சில் எண்டு நினைச்சுப் போட்டன். பயத்தில சொல்லேல்லை."

ஹிசாயேயின் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும்!

"அப்போ நான் இல்லையா? என் தலை சரியாகத்தான் இருக்கிறதா?"

கோபமா? மருந்துக்கும் இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு தனியாக ஸ்டேசனுக்குப் போனாள். பொழுதுபட முன் பூங்கொத்தோடு திரும்பி வந்தாள். தவநாயகி அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த புதன்கிழமை கதவைத் திறந்தால், ஹிசாயே படிக்குக் கீழே முழங்காலில் நின்று அலுமாரியைக் கிளறிக்கொண்டிருக்கிறாள்.

"மன்னித்துக்கொள் தவா. அவருடைய கடதாசிகளை எங்கேயோ தொலைத்துவிட்டேன்."

ஹிசாயேக்குப் பின்னால் மொரீத்தா நின்றார்.

"நீ சொன்னதைப் போன வாரமே என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள்," என்றார் மெதுவாக. "மறுநாள் மறந்துவிட்டாள். நான் ஏசியதை மட்டும் மறக்கவில்லை."

அவர் கண்ணை இவள் பார்க்கவில்லை. இவள் கண்ணை அவரும் பார்க்கவில்லை.

ஒரு வருசத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்தத் தலையில் அது நின்றிருக்கும். இது தவநாயகிக்குத் தெரியும். யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு, தொண்ணூற்றிரண்டில் ஹிசாயே கண்மூடும்வரை, தவநாயகி வேலையை விடவில்லை. கடைசிக் காலத்தில் அந்த மனுசிக்குப் புருஷன் பேர்கூடத் தடுமாறும். தானிகுரா லைன் ஸ்டேசன்கள் மட்டும் ஒன்றுவிடாமல் வரும். புதன்தோறும் தவநாயகி கோட்டைக் கூடக் கழற்றாமல் நேரே அவளிடம் போய்க் கையைப் பிடிப்பாள்.

"அம்மா, அது நீங்கள் இல்லை. நான்தான்."

"அப்போ நான் இல்லையா?" என்று ஹிசாயே முதன்முறை கேட்பதுபோலவே கேட்டுச் சிரிப்பாள். தவநாயகி "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்த் துடைப்பத்தை எடுப்பாள்.