டேப் அக்கா மூட்டை கட்டிய கதை

வீடு மாற்றித் தரும் கம்பெனி ஒன்றில் சாமான் கட்டுவதுதான் டேப் அக்காவின் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பள நாளில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும், உடனே உள்ளே போய்விடும். மணிக்கட்டில் வளையல் மாதிரி பழுப்பு டேப் உருளையை மாட்டிக்கொண்டு, கத்தரிக்கோலைத் தேடாமல் பல்லாலேயே கிழித்து ஒட்டுகிறவளுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும், நீங்களே சொல்லுங்கள்.

கண்ணாடிக் குவளையை அக்கா சுற்றிக் கட்டினால் அது உடையாது. இது வாய்ச்சவடால் இல்லை. அவள் கணவர் அதே கம்பெனியில் குட்டி லாரி ஓட்டும் டிரைவர். ஒரு தடவை மாடிப்படியில் அவர் பெட்டியைத் தவறவிட்டு, பெட்டி முன்னால் அவர் பின்னால் என்று இரண்டும் உருண்டு கீழே வந்து சேர்ந்தன. குவளைகளில் ஒரு கீறல் இல்லை. டிரைவருக்குத்தான் முட்டி வீங்கிவிட்டது. "என்னையும் ரெண்டு சுத்து சுத்தியிருக்கலாம்ல?" என்று அவர் இன்றைக்கும் கேட்பார்.

அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிப்பதெல்லாம் வீட்டுக்காரர் பாடு. கட்டுகிறவர்கள் யோசிக்கவே கூடாது. யோசித்தால் பொழுது போய்விடும், லாரி நின்றுவிடும், மேனேஜர் கத்துவார். அறைக்குள் நுழைந்தால் கண்ணில் பட்டதெல்லாம் பெட்டிக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். இதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. குப்பைக்கூடையைக் குப்பையோடு கட்டியிருக்கிறாள். குளிக்கப் போன ஒரு மனிதரின் மாற்றுத்துணியைக் கட்டிவிட்டு, அவர் கதவிடுக்கில் தலையை நீட்டிக் கெஞ்சியபோது, "எந்தப் பெட்டின்னு தெரியலியே சார், நாலு மணிக்குள்ள புது வீட்டுல பிரிச்சுடுவாங்க" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள். கட்டி முடித்ததும் வாசற்படியில் நின்று நாலு சுவரையும் கூரையையும் கதவின் பின்புறத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து, "காலி!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கீழே நிற்கிற டிரைவருக்கு அதுதான் கிளம்பும் சிக்னல்.

இப்படிப்பட்டவளின் ஒரே மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும். சின்ன வயதில் பென்சில் முனைகளையெல்லாம் கடித்துத் துப்பியதால் வீட்டில் அந்தப் பெண்ணுக்கு எலி என்று பெயர். கம்பெனி முழுக்க அக்கா தலைகால் புரியாமல் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மேனேஜர்கூட மனமிரங்கி, "ஞாயித்துக்கிழமை குட்டி லாரியை எடுத்துக்கோங்க, டீசல் மட்டும் நீங்க போட்டுக்கோங்க" என்றுவிட்டார்.

சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும். உள்ளுக்குள் அக்காவுக்கு ஒரு பயமும் இருந்தது. எத்தனை வீடு பார்த்தவள் அவள்! "இது பையன் ரூம். படிக்கப் போனான், அப்படியே அங்கேயே வேலையும் கிடைச்சிடுச்சு" என்று எத்தனை அம்மாக்கள் பூட்டிய அறையைத் திறந்து காட்டியிருக்கிறார்கள்! அந்த அறைகளைக் கட்டிக் காலி செய்ததும் இவள் கைதான். எலியும் அப்படியே போய்விடுமோ? அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அக்கா எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். அந்த வாரம் அவர்கள் வீட்டுப் பாத்திரங்கள் கண்ணாடியாக மின்னின.

கிளம்புவதற்கு முன் எலி சித்தி வீட்டில் ஒரு நாள் தங்கிவிட்டு வரப் போனாள். சித்தி வீடு கல்லூரிக்குப் போகிற வழியில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை லாரியில் வந்து அப்படியே ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

"அம்மா, ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு பக்கெட். போதும். துணியெல்லாம் கட்டில் மேல எடுத்து வச்சிருக்கேன். நீ அதை மட்டும் அடுக்கிடு."

"எனக்கே சொல்லித் தர்றியா? ஊரு வீட்டையெல்லாம் கட்டினவடி நான்."

"அதனாலதாம்மா பயமா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே போனாள் எலி.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா மகளின் அறையில் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள். துணி உள்ளே போயிற்று. சோப்பு, சீப்பு, செருப்பு, பூட்டு, துணி மாட்டும் கிளிப்பு, காய்ச்சல் மாத்திரை, ஊசி நூல் எல்லாம் போயின. அதுவரை சரி. அப்புறம் போர்வையிடம் வந்து நின்றாள். தடிமனா, மெல்லிசா? அங்கே குளிருமா? மேசை விளக்கு? கொடுப்பார்களா, மாட்டார்களா? காது கிழிந்த கரடி பொம்மை ஒன்று அலமாரியில் இருந்தது. பதினெட்டு வயதுப் பெண் பொம்மையோடு போய் நின்றால் நாலு பேர் சிரிப்பார்கள். ஆனால் தூக்கம் வராவிட்டால்? கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். எதை விட்டாலும் பிள்ளையையே பட்டினி போட்ட மாதிரி மனசு அடித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து யாருக்காவது கட்டிக்கொண்டே இருந்தாளே தவிர, எதை விடுவது என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறாளா, பாவம்! அப்போதுதான் கை அதுபாட்டுக்குப் போய் டேப்பை எடுத்தது.

அதற்கப்புறம் கேட்பானேன்! கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பெட்டிகள் மடமடவென்று நிரம்பின. புத்தகம், பொம்மை, பள்ளிக்கூட மெடல், முகம் பார்க்கும் கண்ணாடி, திரைச்சீலை, திரைச்சீலையின் கம்பி, கதவின் பின்னால் சட்டை மாட்டுகிற கொக்கி, கடைசியில் ஸ்டூலில் ஏறி மேலே எரிந்த பல்பு. கட்டில், மேசை, அலமாரி மூன்று மட்டும் கதவில் நுழையாததால் தப்பித்தன. வாசற்படியில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"காலி!"

உள்ளே வந்த டிரைவர் வாயைப் பிளந்துவிட்டார். "ஏம்மா, ஒரு ஆள் போகுதா, ஒரு குடும்பம் போகுதா?"

"அங்க போய் ஒண்ணு இல்லன்னா புள்ள யாரைக் கேக்கும்? உங்களுக்கு என்ன தெரியும்?"

தனக்கு என்ன தெரியும் என்று டிரைவர் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பழகி வைத்திருக்கும் கலை அது.

மறுநாள் சித்தி வீட்டில் ஏறிய எலி, இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். லாரியின் பின்கதவு சாத்தியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவும் இல்லை, அக்கா சொல்லவும் இல்லை.

ஹாஸ்டல் வாசலில் காவலாளி லாரியைப் பார்த்துக் கையை நீட்டினார். "கேன்டீன் சாமானா? பின்பக்கமா போங்க."

பின்கதவு திறந்தது. எலியின் முகத்தில் ஈயாடவில்லை.

அறை இரண்டாவது மாடியில். இரண்டு கட்டில், இரண்டு மேசை, இரண்டு ஒல்லி அலமாரி, ஒரு ஜன்னல், நடுவில் ஒருவர் திரும்பிப் படுக்கிற அளவுக்கு இடம். உடன் தங்கப்போகும் பெண் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். தென்னை உயரம், அவளுக்கு ஒரே ஒரு பை, ஒரு பக்கெட். டிரைவர் முதல் பெட்டியை இறக்கியதும் அந்த நெட்டைப் பெண் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு அவளால் காலைக் கீழே இறக்கவே முடியவில்லை. வார்டன் அம்மா வாசலில் வந்து நின்று, "இங்க யாரு குடிவர்றாங்க?" என்று கேட்டார். பக்கத்து அறைப் பெண்கள் எல்லாம் எட்டிப்பார்த்தார்கள்.

எலி கடுகடுவென்று ஒரு பெட்டியைப் பிரித்தாள். திரைச்சீலை வந்தது. அடுத்ததில் கொக்கி. அடுத்ததில் துண்டுக்குள் துண்டாக, பிறந்த குழந்தையைப் போலப் பொதிந்து வைத்த பல்பு.

"அம்மா... இது என் ரூம் பல்பு."

"நல்ல பல்புடி. வாங்கி ஆறு மாசம்கூட ஆகல."

நெட்டைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வாசலில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். வார்டன் அம்மாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"அப்போ வீட்ல என் ரூம்ல இப்ப என்னம்மா இருக்கு?"

"கட்டில் இருக்கு. காலி மேசை, காலி அலமாரி."

"அப்புறம்?"

அக்கா சுற்றிலும் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நான் லீவுக்கு வந்தா எங்கம்மா இருக்கிறது? என்னை மொத்தமா மூட்டை கட்டி அனுப்பிட்டியா?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த அறை பூட்டிக் கிடக்குமோ என்று பயந்து நாள் கணக்காகப் பாத்திரம் தேய்த்தாளோ, அந்த அறையைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு, வாசலில் நின்று காலி என்று கூவவும் செய்திருக்கிறாள். இதைவிடக் கூத்து உண்டா? பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஐயோ, அப்படி இல்லடி கண்ணு! எதை விடறதுன்னு எனக்குத் தெரியல. எதை எடுத்தாலும் இது இல்லாம எலி என்ன பண்ணும்னு தோணிச்சு. கை அதுபாட்டுக்குக் கட்டிடுச்சு. நான் கட்டின வீட்டுக்கு யாரும் திரும்பி வந்ததே இல்லடி. நீயும் வராம போயிடுவியோன்னு எனக்கு ஒரே பயம். அந்தப் பயத்துலதான் புத்தி கெட்டுப் போச்சு." சொல்லிக்கொண்டே விசும்பினாள். டிரைவர் ஜன்னல் வழியே எதையோ உன்னிப்பாகப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

எலி மூக்கை உறிஞ்சினாள். பிறகு சட்டென்று தரையில் உட்கார்ந்தாள். "நீ எதையும் தொடாத. நான் பாத்துக்கறேன்."

துணிப்பெட்டி, மெல்லிசுப் போர்வை, விளக்கு, பூட்டு, மாத்திரை ஆகியவை இந்தப் பக்கம் வந்தன. மற்றதெல்லாம் அந்தப் பக்கம். கொடிக்கயிறு, பூட்டு, தலையணை எல்லாம் இரண்டிரண்டு இருந்தன. நெட்டைப் பெண், "ஆன்ட்டி, எனக்கு ஒண்ணு? நான் கயிறு, பூட்டு, தலையணை ஒண்ணுமே எடுத்துட்டு வரல" என்று கட்டிலிலிருந்தே கை நீட்டினாள். கயிறு, பூட்டு, தலையணை மூன்றும் அவளுக்குக் கிடைத்தன. அரை மணியில் அறை அறையாயிற்று, மிச்சப் பெட்டிகள் லாரி ஏறின. கரடி பொம்மையை எலி ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்பிப் போகிற பெட்டியில்தான் போட்டாள்.

"எல்லாத்தையும் பழையபடி வச்சிடும்மா" என்றாள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். கட்டிப்பிடித்துக்கொண்டாள்தான், ஆனால் சீக்கிரம் விட்டுவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் அக்கா அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

இங்கேதான் இன்னொரு சிக்கல். டேப் அக்காவுக்குக் கட்டத் தெரியும், பிரித்து அடுக்கத் தெரியாது. கம்பெனியில் அது வேறு குழுவின் வேலை. சாயங்காலம் மகளின் அறையில் பெட்டிகளுக்கு நடுவே நின்றபோது, எந்த மெடல் எந்த ஆணியில் தொங்கியது, கண்ணாடி எந்தச் சுவரில் இருந்தது என்று ஒன்றுகூட நினைவு வரவில்லை. கண்ணால் பார்த்துக் கட்டியிருந்தால்தானே நினைவு இருக்கும்!

போனை எடுத்தாள், வைத்தாள். கோபமாக இருப்பாளோ? எடுக்காமல் போய்விட்டால்? டிரைவர் பொறுமையிழந்து அவள் கையிலிருந்து பிடுங்கி வீடியோ காலை அழுத்திவிட்டார்.

உடனே எடுத்தாள் எலி. "என்னம்மா, ஒரே இருட்டா இருக்கு?"

"கண்ணாடி எங்கடி இருந்துச்சு?"

"முதல்ல பல்பை மாட்டச் சொல்லும்மா அப்பாவை!"

டிரைவர் ஸ்டூலில் ஏறினார். வெளிச்சம் வந்தது. அதற்கப்புறம் எலி ஆட்டிவைத்தாள், இவர்கள் ஆடினார்கள். "இடது பக்கம். அதில்ல, என் இடது. இன்னும் கொஞ்சம் மேல. அப்பா, அது தலைகீழா இருக்கு." நடுவில் நெட்டைப் பெண்ணின் தலை வேறு நுழைந்து, "ஆன்ட்டி, கம்பி கோணலா இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னது. திரைச்சீலை ஏறியது, கொக்கி ஏறியது, மெடல்கள் வரிசைக்கு வந்தன, கட்டிலில் பெட்ஷீட் விரிந்தது. கரடி அலமாரியின் இரண்டாவது தட்டில், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தது. அப்படித்தான் அது உட்காருமாம். பெற்றவளுக்கே அது தெரியாது.

எல்லாம் முடிந்ததும் அக்கா போனை மேசையில் சாய்த்து வைத்தாள். இடுப்பு விண்விண் என்றது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அம்மா! அது என் கட்டில்! யாரு உன்னை உக்காரச் சொன்னா?" போனிலிருந்து அதட்டல் வந்தது. "இப்பதான் பெட்ஷீட் விரிச்சது, அதுக்குள்ள கசக்கியாச்சு. நான் வரும்போது இப்படித்தான் கிடக்குமா? எழுந்திரு முதல்ல!"

"சரிடி, சரிடி, கத்தாத" என்று அக்கா துள்ளி எழுந்தாள். வாயெல்லாம் பல்லாக, கண்ணீர் கன்னத்தில் வழிவதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், தான் உட்கார்ந்த இடத்தை இரண்டு கையாலும் நீவி நீவிச் சரிசெய்தாள்.