இளநீரில் கரைத்த மாத்திரை

எழுபதுகளின் கடைசியில், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் தங்கைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று அம்மா சொன்னாள். நானும் நம்பினேன். காய்ச்சல், சிவந்த கண், மார்பெல்லாம் தடிப்பு. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று.

தங்கையின் வலிப்பு மாத்திரையை அம்மா அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். "ஆத்தா இறங்குற வரைக்கும் மாத்திரை கூடாது. தெய்வக் குத்தமாயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கல்லூரியில் விலங்கியல் படிப்பவள் ஆயிற்றே. பழைய மாத்திரைக்கு வலிப்பு அடங்கவில்லை என்று டாக்டர் அந்த மாதம்தான் புதிதாக ஒன்றை மாற்றிக் கொடுத்திருந்தார். ஒரு வேளைகூட விடக் கூடாது என்று என்னிடம்தான் சொல்லியிருந்தார். அம்மாவின் மூடநம்பிக்கைக்குத் தங்கையைப் பலி கொடுக்க முடியுமா? அம்மா குளிக்கப் போகும்போதெல்லாம் மாத்திரையைப் பொடித்து இளநீரில் கரைத்துக் கொடுத்தேன். அவளுக்கு வாயெல்லாம் புண். கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்குவாள். காலி டம்ளரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கொப்புளங்கள் எழும்பி, முதுகுத் தோல் பாயோடு ஒட்டி உரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"என்ன மாத்திரை சாப்பிடுது?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர்.

"வலிப்புக்குங்க. தடிப்பு வந்தப்பவே நிறுத்திட்டேன்" என்றாள் அம்மா.

"இது அம்மை இல்லம்மா. அந்த மாத்திரைதான் ஒத்துக்கல. நிறுத்தினது நல்லதாப் போச்சு."

அம்மாவின் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. அதையும் நான்தான் பறிக்க வேண்டியிருந்தது.

"நிறுத்தலீங்க. நான் குடுத்துக்கிட்டிருந்தேன்" என்றேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தங்கை பிழைத்தாள். ஆனால் கண்ணில் நீர் சுரப்பது நின்றுபோயிற்று. எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த பிறகும், பஸ் பிடித்து வந்து என்னிடம்தான் சொட்டு மருந்து விட்டுக்கொள்வாள். அப்படி ஒருநாள் முகத்தை நிமிர்த்திக் காட்டியபடி சொன்னாள்.

"அந்த இளநீ கசந்துதுக்கா. மாத்திரை போட்டிருக்கேன்னு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா குடிச்சே?"

"நீதானே குடுத்தே."

சொட்டு தவறி அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் அதைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை விடுக்கா" என்று கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள்.