எச்சத்தில் கோழியும் இருந்தது

அந்த வருடம் திருகோணமலையிலிருந்து கிளிவெட்டிக்குப் போய், வயல் வரம்புகளில் மீன்பிடிப் பூனையின் எச்சம் பொறுக்குவதுதான் என் வேலை. வீட்டுப் பூனையை விட இரண்டு மடங்கு பெரிய காட்டுப்பூனை அது. வாய்க்கால் ஓரங்களில் திரியும். எச்சத்தைக் கெட்டுப்போகாமல் மதுசாரத்தில் போட்டுக் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவேன். அதிலுள்ள மரபணு வரிசையை வாசித்து, எச்சம் எந்த விலங்குடையது, அது எதையெதைத் தின்றது என்று அவர்கள் சொல்வார்கள்.

வயலோரத்தில் ஒரு அக்கா கோழி வளர்த்தார். ஒன்றன்பின் ஒன்றாகக் கோழிகள் காணாமல் போக, பூனைதான் பிடிக்கிறது என்று சொல்லி வேலியில் கம்பிக் கண்ணி கட்டத் தொடங்கினார். நான் பதறிப்போனேன்.

“கொஞ்சம் பொறுங்கோ அக்கா. அது எலியும் மீனும்தான் தின்னுது. முடிவு வரட்டும், காட்டுறன்.”

“சரி பிள்ளை. உங்கட சொல்லுக்காகப் பொறுக்கிறன்.”

சில மாதங்களில் முடிவு வந்தது. எலி, விரால், தவளை, தண்ணீர்ப்பாம்பு. இரண்டு எச்சங்களில் கோழியும் இருந்தது. அதில் ஒன்றை அவருடைய வேலியடியில் நானே பொறுக்கியிருந்தேன்.

ஒரு கிழமை முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை. முடிவுத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எலியை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன். அந்த நினைப்பே வெட்கமாக இருந்தது. போய்ச் சொன்னேன்.

“அப்ப நான் சொன்னது சரிதானே?”

“ஓம் அக்கா. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

அவர் கோபிக்கவில்லை. மற்றவற்றையும் வாசிக்கச் சொன்னார். அநேகமாக ஒவ்வொன்றிலும் எலி இருந்ததைக் கேட்டதும், “போன போகம் எலிதான் எங்கட வயலை வெட்டினது” என்று கண்ணிகளைக் கழற்றினார். மூதூரில் வாங்கிய பழைய மீன்வலையால் இருவருமாகக் கோழிக்கூட்டைச் சுற்றி மூடினோம்.

மாரி மழை தொடங்கும்போது தொலைபேசியில் கூப்பிட்டார். பகலில் மேயவிட்ட கோழியில் ஒன்று போய்விட்டதாம். “அதுட பீயை எடுத்து வச்சிருக்கிறன். உங்களை மாதிரித்தான், கை படாம.”

கழுவிக் காயவைத்த ஜாம் போத்தலுக்குள், இரண்டு குச்சியால் எடுத்து வைத்திருந்தார். அதையும் அனுப்பினேன். கோழி இருந்தது. ஆனால் தின்றது பூனை இல்லை.

“நாய் அக்கா.”

“ஆருட நாய்?”

“அதை இதில சொல்ல ஏலாது.”

அவர் வேலிக்கு அப்பால் பார்த்தார். பக்கத்து வீட்டு வளவு அவருடைய அண்ணனுடையது. அங்கே இரண்டு நாய்கள் நின்றன.

“இதை ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை. அண்ணனோட நான் கதைக்கிறன்.”

அடுத்த முறை போனபோது இரண்டு வளவுக்கும் நடுவில் புதுக் கம்பிவலை அடித்திருந்தது. அண்ணனே வந்து அடித்துத் தந்தார் என்றார் அக்கா. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.