கருநாக்கு நாயும் நானும்

எனக்குக் கருநாக்கு. நாக்கின் நடுவில் கறுப்புப் புள்ளி ஒன்று பெரிதாக, ஓரத்தில் சின்னச் சின்னதாகச் சில, மை தெறித்தாற்போல் பிறந்ததிலிருந்தே இருக்கின்றன. கருநாக்குக்காரி சொன்னால் அப்படியே பலித்துவிடும் என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். அதனால் மண்டகப்பட்டில் என் சின்ன வயது ராஜபோகம்தான். பசு சினையாக இருந்தால் கயிற்றோடு எங்கள் வாசலுக்கே ஓட்டி வந்துவிடுவார்கள். "கெடேரிக் கன்னுன்னு சொல்லுடி கண்ணு" என்பார்கள். சொல்வேன். வெல்லக்கட்டி கிடைக்கும். காளைக் கன்று பிறந்துவிட்டால், நான் அரைமனசோடு சொன்னேன் என்று திட்டும் கிடைக்கும். ஆனால் என்னோடு சண்டைக்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள். கோபத்தில் நான் வாயைத் திறந்தாலே, "நல்லதா சொல்லும்மா, நல்லதா சொல்லு" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். வாயாடிக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்!

கல்யாணப் பேச்சு எடுத்ததும் அம்மா என் வாயை மூடப் பார்த்தாள். கருநாக்குப் பெண்ணை எந்த மாமியார் வீட்டுக்குள் விடுவாள்? "சிரிச்சா கையால மூடிக்கோ. பேசவே பேசாத. லட்டு குடுத்தா கிள்ளிக் கிள்ளி வாய்ல போடு" என்று பாடம் நடந்தது. செஞ்சியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நான் வாயை மூடியபடி சிரித்தேன், வாயை மூடியபடி தின்றேன். என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று எல்லோரும் வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். அறுபதுகளில் ஒரு தை மாதம் கல்யாணம் ஆயிற்று.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! கடைவீதிக்கு அந்தப்பக்கம் வீடு. வீட்டில் அத்தை, அவர், நான். அவர் பஸ் ஸ்டாண்டு அருகே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பேச்சு அவருக்கு ஆகாது. பஞ்சர் ஒட்டும்போது டியூப் தண்ணீரில் குமிழி விடும் சத்தம்கூட அவர் பேச்சைவிட அதிகம். அத்தை எதிரில் நானும் ஊமை. முந்தானையால் வாயைப் பொத்தியே வருஷம் ஓடியது. தெருவே என்னை மெச்சியது. எனக்கோ பேச்சு உள்ளே அடைபட்டு, தனியாக இருக்கும்போது அம்மிக்கல்லோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் கடைக்குக் காவலாக இருக்கட்டும் என்று அவர் தொண்டூரிலிருந்து ஒரு நாய்க்குட்டியை சைக்கிள் கேரியரில் கூடை கட்டிக் கொண்டுவந்தார். செவலைக் குட்டி. கொட்டாங்கச்சியில் பால் ஊற்றி வைத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது பாருங்கள், ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் ஜிலீரென்றது. அதே நாக்கு! நடுவில் பெரிதாக ஒன்று, ஓரத்தில் சின்னச் சின்னதாக! எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிப்போய், என் நாக்கை அதற்கு நீட்டிக் காட்டினேன். அது என் மூக்கை நக்கியது. செஞ்சியில் எனக்கு ஒரு சொந்தம் கிடைத்துவிட்டது.

மறுநாளே அத்தையும் பார்த்துவிட்டார்.

"ஐயய்யோ, இன்னாடி இது? கருநாக்கு நாயி!"

"நாவப்பழம் தின்னுருக்கும் அத்தை."

"மாசி மாசத்துல எந்த மரத்துல காய்க்குது நாவப்பழம்?"

பல்பொடி போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். குட்டி தும்மிய தும்மலில் சுவரெல்லாம் ரோஸ் நிறம். புள்ளி மட்டும் அப்படியே இருந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் அவர் கேட்டுவந்தார். உடம்பில் மச்சம் மாதிரி நாக்கில் கறுப்பு, நிறைய நாய்களுக்கு உண்டு, வியாதியெல்லாம் கிடையாது என்றாராம். "டாக்டருக்கு நாக்கு தெரியும், பலன் தெரியுமா?" என்று அத்தை ஒரே போடாகப் போட்டார்.

அன்றிலிருந்து எது நடந்தாலும் நாய்மேல் பழி. அது குரைத்தது, பால் திரிந்தது. அது ஊளையிட்டது, கரண்டு போனது. செஞ்சியில் கரண்டு போக நாய் ஊளையிட வேண்டுமா, கொக்கு பறந்தாலே போதுமே! ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஏது வாய்? நாய்க்கே இந்தக் கதி என்றால், என் நாக்கைப் பார்த்தால் என்ன ஆகும்?

கடைசியில் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கெழம பொழுது சாயறதுக்குள்ள தொண்டூர்லயே வுட்டுட்டு வந்துடு."

வெள்ளிக்கிழமை அவர் கேரியரில் கூடையைக் கட்டினார். குட்டி, ஏதோ திருவிழாவுக்குப் போகிறாற்போல் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தது. அந்த வாலைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது கோபம்.

"அது போனா நானும் போறேன்! என்னையும் அதே கூடையில வெச்சுக் கட்டுங்க!" என்று கத்தினேன். கத்திவிட்டு, வருவது வரட்டும் என்று அத்தை முகத்துக்கு நேரே நாக்கை முழுசாக நீட்டினேன். மண்டகப்பட்டு அம்மன்கூட அவ்வளவு நீட்டியிருக்க மாட்டாள்.

அவர் கயிற்றை விட்டுவிட்டுக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். குட்டியையும் பார்த்தார். "ஒரே மாதிரி கீது" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

அத்தை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நாக்க உள்ள போடு, ஈ பூந்துடப்போவுது" என்றார். "எனக்குத் தெரியாதா? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே பாத்தேன். லட்டுல கல்லு கடிச்சி நாக்க நீட்டிப் பாத்துக்கினியே, எதிர்லதான உக்காந்துருந்தேன்?"

நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன். "அப்பறம் ஏன் அத்தை என்னை..."

"அதுக்காவத்தான்டி எட்த்தேன்! எங்கூட்ல நல்ல வார்த்த சொல்ல ஆளே இல்ல. எம்புள்ள ஊமக்கோட்டான். கருநாக்குக்காரி ஒருத்தி வந்து நாலு நல்லது சொன்னா ஊடு வெளங்கும்னு பாத்தேன். நீ இன்னாடான்னா வந்த நாளா வாயப் பொத்திக்கினே திரியிற! நானும் இன்னிக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு காத்துக்கினே கெடக்கறேன்."

"அப்ப நாய் மட்டும் ஏன் ஆவாது?"

"நீ பேசனா புரியும். அது இன்னா சொல்லுதுன்னு எவ கண்டா? கெட்டதா எதனாச்சும் சொல்லித் தொலைச்சுதுன்னா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கையைக்கொண்டு மறைக்காமல், வாய் கொள்ளாமல், அந்த வீட்டில் முதன்முதலாகச் சிரித்தேன். பிறகு நாக்குத் தெரிய, தெருமுனைக்குக் கேட்கும்படி சொன்னேன்: "இந்த நாய் இந்த ஊட்ட வுட்டு எங்கயும் போவாது!"

அத்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கருநாக்குக்காரி வாயிலிருந்து வந்துவிட்டதே, இனி என்ன செய்ய முடியும்?

"எறக்குடா கூடைய" என்றார்.

அவர் இறக்கினார். குட்டி துள்ளிக் குதித்து வீட்டுக்குள் ஓடியது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, சந்தோஷம் தாங்காமல் என் தோளில் ஓர் அடி வைத்தார்.

"பாத்தியா, ஒடனே பலிச்சுட்டுது!"