மூடி போட்ட வளை

எழுபதுகளில் தாம்பரத்தில் என்னோடு மின்ரயில் ஏறிய விலங்கியல் பேராசிரியரின் சட்டைப் பையில் பேனா இருக்காது. ஸ்பிரிட்டில் ஊறிய சிலந்தியோடு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எனக்கு அது வசதி.

ஒருநாள் அந்தக் குழாயோடு ஒரு லென்ஸையும் நீட்டினார்.

"கால் நுனியில முடிக் கத்தை தெரியுதா சார்? மண்வளைக்குக் கதவு மாதிரி மூடி போட்டிருந்துச்சா, அதை மட்டும் பார்த்து, இந்த முடியைக் கவனிக்காம, வேற சிலந்திக் குடும்பத்துல சேர்த்துட்டேன். கட்டுரையும் அச்சாயிடுச்சு."

"ஐயையோ! இப்ப என்ன பண்ணுவீங்க?"

"நான் சொன்னது தப்புன்னு இன்னொரு கட்டுரை எழுதுவேன்."

"உங்க பேரு கெட்டுடாதா?"

"அது கிடக்குது சார். சிலந்தி எப்பவும் அதோட குடும்பத்துலதான் இருந்துச்சு. நான்தான் லேட்டா வந்து சேர்ந்தேன்."

எழும்பூரில் கோட்டையைப் பிடித்தவர் போல இறங்கி நடந்தார். தன் தவறைத் தானே கண்டுபிடித்தவருக்கு அத்தனை மிடுக்கு எங்கிருந்து வந்ததோ!