எழுபத்தைந்தில் நின்ற பால்

ரைஸ் மில்லில் டிரையர் செக்‌ஷனில் முப்பது வருஷம், நெல்லைக் காயவைக்கிற சூட்டோடு மல்லுக்கட்டினவன் நான், மில்லுக்குப் புதுசாக வந்த தம்பிகளா. ஆனால் அடிக்கடி நினைத்துக்கொள்வது, ரிட்டயர் ஆன பிறகு செய்த ஒரு சின்ன வேலையைத்தான்.

1. தீ

திருத்துறைப்பூண்டியில் எங்கள் பக்கத்து வீடு ஜெசிந்தாவுடையது. சமையலறையில் கரண்ட் அடுப்பு வைத்து, மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி வார்ப்பாள். ஒருநாள் மெழுகு சூடு தாண்டிக் குப்பென்று பற்றிக்கொண்டது. ஆள் தப்பியதே பெரிய விஷயம். அவள் வீட்டுக்காரர் அந்தோணி ஒரே பிடியாக நின்றார். "போதும்டி, இதோட ஏறக்கட்டு."

அவள் என்னிடம் வந்தாள். "அண்ணே, சூடு ஏறாம நிறுத்துற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. இந்த வேலைய விட்டா எனக்குப் பைத்தியமே புடிச்சிடும்." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும் மனசு கேட்கவில்லை.

2. பெட்டி

ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச் பெட்டி, அதற்குள் டெம்பரேச்சர் கண்ட்ரோலர், சூடு எட்டினதும் கரண்டை நிறுத்துகிற ரிலே. சூட்டை அளக்கிற சென்சரை முதலில் அடுப்புத் தட்டில் ஒட்டினேன். புத்தி கெட்ட வேலை! தட்டு சீக்கிரம் சூடாகி ரிலே கட் ஆகிவிடும்; மெழுகு கட்டியாகவே கிடக்கும். பிறகு சென்சரை ஸ்டீல் குழாயில் போட்டு, பாத்திரத்துக்குள்ளேயே தொங்கவிட்டேன்.

எங்கள் வீட்டில்தான் சோதனை. வெளியே சம்பா வயலில் சன்ன மழை. உள்ளே மெழுகு மெல்ல மெல்லக் கரைந்து, பாத்திரத்தின் அடி தெரிகிற மாதிரி தெளிந்தது. ரிலே பல்லி மாதிரி 'டிக்' என்னும், சிவப்பு விளக்கு அணையும், கொஞ்சம் கழித்து மறுபடி எரியும். எழுபத்தைந்து டிகிரி. அப்படியே கிறங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

3. பால்

பெட்டி மாட்டின அடுப்பு ஜெசிந்தா வீட்டுக்குப் புதுசு. புது அடுப்பு என்றால் முதலில் பால் பொங்கணும். எங்கள் பக்கம் வேதக்காரக் கிறிஸ்தவர்களும் அதை விடுவதில்லை. அந்தோணியே, அரைமனசாகத்தான், சிலுவை போட்டுக்கொண்டு பாலை வைத்தார். நான் சென்சரைக் கழுவிப் பாலில் விட்டேன்.

ஆவி பறந்தது. ஏடு கட்டியது. அரை மணி ஆச்சு, பொங்கவில்லை.

"பாத்தீங்களா? சகுனமே சரியில்ல. வேணாம்ணே, விட்ருங்க," என்றார் அந்தோணி.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. செட்டிங்கை எழுபத்தைந்திலிருந்து நூற்றுப்பத்துக்கு ஏற்றினால் சட்டென்று பொங்கிவிடும். கை பெட்டிப் பக்கம் போயேவிட்டது. ஜெசிந்தா படீரென்று தட்டிவிட்டாள்.

"தொடாதீங்கண்ணே!" பிறகு அவரிடம் திரும்பினாள். "ஏங்க, பொங்கக் கூடாதுன்னுதானே இத மாட்டுனோம்? அரை மணியா அடுப்பு மேல இருக்கு, பொங்கல. இதவிட நல்ல சகுனம் என்ன வேணும் உங்களுக்கு?"

அந்தோணி பாலை இறக்கினார். அதை ஒரு டம்ளரில் ஊற்றி அவளிடம் நீட்டினார். "குடிச்சிட்டு மெழுக வாத்துப் பாரு."

தம்பிகளா, மில்லில் மேனேஜர் முகம் சுளித்தால் போதும், நெல் சீக்கிரம் காயட்டும் என்று டிரையர் சூட்டை ஏற்றிவிடுவேன். அந்த முகதாட்சண்யத்தில் எத்தனை மூட்டை அரிசி சூடு தாங்காமல் வெடித்து நொய்யாகப் போயிற்று! என் கையை யாரும் தட்டிவிடவில்லை. நானே தட்டிவிட்டிருக்கணும்.